வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் டயர் துண்டு

ஃப்ரீசரில் வஞ்சிரம் வைத்திருந்த டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று பாலித்தீன் கவர்கள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. மார்க்கர் பேனாவால் 1, 2, 3 என்று எண் போட்டிருந்தேன். காலையில் மீன் எடுக்கப் போன மனைவி அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "என்னங்க இது, கருவாடா?"

"டயர்."

அதற்கு அப்புறம் நடந்த பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை. மதியம் வரைக்கும் துண்டுகள் உள்ளே இருக்க அனுமதி கிடைத்தது. அது போதும்.

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு டீசல் பிக்கப் இருக்கிறது. எட்டு வருடப் பழசு, ஃபோர் வீல் டிரைவ், பின்னால் திறந்த தொட்டி. வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது தெருவுக்கே பால் பாக்கெட் வாங்கிவந்த வண்டி. அதை எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போவதென்று மச்சானும் நானும் முடிவு செய்தோம். குளிர்காலத்தில் மணாலி பக்கம் குன்சும் கணவாய் மூடியிருக்கும். சிம்லா, கின்னௌர், நாக்கோ, தாபோ வழியாகத்தான் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸாவுக்குப் போக முடியும். வண்டிக்கு டயர் மாற்ற வேண்டிய நேரமும் வந்திருந்தது. சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பனியில் ஓடக்கூடியதாகவே வாங்குவோம் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு பனி டயர் தேட ஆரம்பித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஊரைச் சுற்றி டயர் ஆலைகளுக்குக் குறைச்சலே இல்லை. எம்ஆர்எஃப் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது. ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷலின். ஆனால் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் பனி டயர் கேட்டுப் பாருங்கள். நான் எப்போதும் போகும் கடையின் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஸ்நோன்னா எங்கம்மா காலத்துல மூஞ்சிக்குப் போடுறதுதான் தம்பி எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் பேச்சைக் கேட்டு அங்கேயே நின்றிருக்கலாம். அதற்கு முன்பே ஒரு தப்பு செய்துவிட்டேன். வேறொரு கடையில் நான்கு எம்டி டயர்கள் செகண்ட் ஹேண்டில் வந்திருந்தன. சேற்றுக்கென்று செய்யும் ரகம். கட்டை கட்டையாகப் பெரிய பட்டன்கள், நடுவில் விரல் நுழையும் பள்ளம். பார்த்தாலே மலையைத் தூக்கிப்போடும் என்று தோன்றும். அளவு 265/75 ஆர் 16: அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், உள்ளே டிஸ்க் 16 அங்குலம். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 245/70 ஆர் 16. "ஒரு வருஷம்தான் ஓடியிருக்கு சார்" என்றார்கள். மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பக்கச்சுவரைத் துடைத்துப் பார்த்தால் டிஓடி என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் முடிவில் நீள்வட்டத்துக்குள் 1417. 2017-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரு வருடம் ஓடியிருக்கலாம், மறுக்கவில்லை. மீதி வருடங்கள் எங்கேயோ மொட்டை மாடியில் வெயில் காய்ந்திருக்கின்றன. பட்டன்களின் அடியில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. கடையில் இதைக் குனிந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதோடு போகவில்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன்சக்கரம் மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக்கை உரசியது. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 245/70 ஆர் 16-இன் விட்டம் 749 மில்லிமீட்டர். 265/75 ஆர் 16-க்கு 804. ஐந்தரை சென்டிமீட்டர் அதிகம். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-ல் போகும். ஓஎம்ஆரில் போனால் காதுக்குள் மாவு மில் ஓடுகிற சத்தம். மத்திய கைலாஷ் சிக்னலில் ஒரு தூறல் நாளில் பிரேக் அடித்தபோது வண்டி நிற்காமல் வழுக்கி, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு முழம் இடைவெளியில் நின்றது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

அன்றைக்குத்தான் உறைத்தது. வழவழப்பான ஈரத் தார் ரோட்டில் பிடிக்காத டயர், வழவழப்பான ஐஸில் எப்படிப் பிடிக்கும்?

கொஞ்சம் படித்தேன். பனியில் டயர் பிடிப்பதற்கு மூன்று விஷயங்கள் ஒன்று சேர வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

முதலாவது ரப்பர். சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும் என்பது டயர்க்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. சென்னை அந்த 7 டிகிரியைப் பார்த்ததே இல்லை. அதனால் நமக்கு இப்படி ஒரு சங்கதி இருப்பதே தெரியாது. பனிக்கென்று செய்யும் ரப்பரில் கலவையை மாற்றி, கடுங்குளிரிலும் நெகிழும்படி வைக்கிறார்கள்.

இரண்டாவது, பட்டன்களின் மேல் பிளேடால் கீறியதுபோல இருக்கும் மெல்லிய வெட்டுகள். இவற்றை சைப் என்கிறார்கள். டயர் உருளும்போது அவை லேசாக விரிந்து நூற்றுக்கணக்கான சின்ன விளிம்புகளால் ஐஸைக் கவ்வும். என் எம்டி டயர்களின் பட்டனில் இப்படி ஒரு வெட்டுகூட இல்லை. மழுமழுவென்று முழுக் கட்டை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பனியை டயர் உதறிவிடுவதுதான் நல்லது என்று நினைத்திருந்தேன். சேற்றுக்கு அது சரி. பனிக்கு நேர்மாறு. பட்டன் இடுக்கில் பனி புகுந்து இறுகி உட்கார வேண்டும், அந்தப் பனிதான் தரையில் இருக்கிற பனியைப் பிடிக்கும். புட்டுக்கு மாவு பிசிறுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பதமான மாவைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும். ஈரம் போதாத மாவு உதிரும். பனியும் அப்படியே. பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் விழும் பனி பதமான புட்டு மாவு. மைனஸ் 15-ல் கிடக்கும் பனி வறுத்த ரவை. எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது.

இப்போது பக்கச்சுவரில் இருக்கும் குறிகளுக்கு வருவோம். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து நிறைய டயர்களில் இருக்கும். சேறு, பனி இரண்டுக்கும் ஆனது என்று அர்த்தம். ஆனால் அதற்குப் பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பட்டன் அமைப்பைப் பார்த்து கம்பெனியே போட்டுக்கொள்ளலாம். என் 1417 டயரிலும் அது இருந்தது. மூன்று சிகரம் உள்ள மலை, நடுவில் ஒரு பனிப்பூ: இந்தச் சின்னத்துக்குத்தான் சோதனை உண்டு. 1999-ல் அமெரிக்க, கனடா ரப்பர் சங்கங்கள் கொண்டுவந்தது. ஒரு ஒப்பீட்டு டயரின் இழுவையை 100 என்று வைத்துக்கொண்டு, அழுத்தமான பனியில் குறைந்தது 110 எடுக்க வேண்டும் என்பது தொடக்க விதி. அந்தச் சோதனை வண்டி முன்னே நகரும் இழுவையைத்தான் அளக்கிறது. வளைவில் பிடிப்பது, ஐஸில் நிற்பது இதெல்லாம் அதில் வராது. நான் இதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டேன். பின்னால் காஸாவுக்கு மேலே இருக்கும் கிப்பர் கிராமத்து இறக்கத்தில்தான் முழுசாகப் புரிந்தது.

அப்படியானால் ஐரோப்பாக்காரர்கள் போடும் அசல் குளிர்கால டயரையே வாங்கிவிட்டால் என்ன? நோக்கியன் 1934-லேயே லாரிக்கென்று குளிர்கால டயர் செய்த பின்லாந்துக் கம்பெனி. ஆசைதான். இரண்டு முட்டுக்கட்டை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு போட்டது, அதிலிருந்து இந்த மாதிரி அபூர்வ டயர்கள் கைக்கு வருவது பெரும் பாடு. அதைவிடப் பெரியது தூரம். சென்னையிலிருந்து சிம்லாவுக்கே 2,500 கிலோமீட்டர். நாக்பூர் பக்கம் பிப்ரவரி மதியத்திலேயே தார் சுடும். மிருதுவான குளிர்கால ரப்பரை அந்தச் சூட்டில் போகவர ஐயாயிரம் கிலோமீட்டர் தேய்த்துவிட்டு, நடுவில் அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் பனிக்கு வைத்துக்கொள்வது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு களை பறிக்கப் போகிற கதை.

ஆக எனக்கு வேண்டியது உலகத்திலேயே சிறந்த பனி டயர் இல்லை. தாம்பரம் வெயிலையும் தாங்கி, காஸா ஐஸிலும் கௌரவமாக நிற்கக்கூடிய ஒன்று. அதாவது பனிப்பூச் சின்னம் உள்ள ஏடி டயர், ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்கும் ஆன ரகம். பிஎஃப் குட்ரிச் கேஓ2, யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி ஜி015, ஜெனரல் கிராபர் ஏடி3 போன்றவை இந்த வகையில் வெளிநாடுகளில் பெயர் எடுத்தவை. ஒரு எச்சரிக்கை: ஒரே பெயரில் வரும் டயரிலேயே எல்லா அளவுக்கும் சின்னம் இருக்காது. பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். கடையில் அந்த டயரையே உருட்டிவரச் சொல்லி, பக்கச்சுவரில் மலை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூடவே அந்த நாலு இலக்கத்தையும்.

இந்த இடத்தில்தான் ஃப்ரீசர் வருகிறது. படித்ததைக் கண்ணால் பார்க்க ஆசை. வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18-ல் இருக்கும். பிப்ரவரி இரவில் காஸாவும் ஏறக்குறைய அதே. புதுப்பேட்டையில் ஒரு காயலான் கடையில் கிழிந்த எம்டி டயரிலிருந்து ஒரு பட்டன், ஒரு சாதாரண ஹைவே டயரிலிருந்து ஒன்று. பாய் கடையில் பக்கச்சுவர் கிழிந்து ஓரமாகக் கிடந்த பனிப்பூ ஏடி டயரிலிருந்து ஒன்று. ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன், சோப்புத் தண்ணீர் விட்டு விட்டு. மூன்றும் ஒரு ராத்திரி முழுக்க உள்ளே.

வெளியே எடுத்தவுடன் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். எம்டி துண்டில் நகம் பதியவில்லை. தரையில் போட்டால் கேரம் ஸ்டிரைக்கர் விழுந்த மாதிரி டக் என்றது. ஹைவே டயர் துண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூன்றாவது இறுகியிருந்தது, ஆனால் நகம் இறங்கியது, ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்துத் தள்ளினால் சைப் வெட்டு வாய் திறந்தது. பத்து நிமிடத்தில் சென்னை வெயில் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது, அதற்குள் பார்த்ததுதான். இது நியாயமான சோதனை இல்லை என்பதும் தெரியும். மூன்றும் வெவ்வேறு வயது, ரப்பர் வயதாலும் இறுகும். ஆனால் அந்த டக் சத்தம் போதுமானதாக இருந்தது. 1417-ஐக் கழற்றி, வாங்கினதில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அடுத்த சண்டை அகலம். அகல டயரா, ஒல்லி டயரா? ஃபோர் வீல் நண்பர்கள் இரண்டு கட்சி. ஐஸ்லாந்தில் 38 அங்குலம், 44 அங்குலம் என்று ராட்சத டயர் போட்டு, காற்றை நாலைந்து பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கி, பனிக்கு மேலே மிதந்து போகிறார்கள். நடவுக்கு முன்னால் சேற்றில் பரம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், பலகை மேல் ஆள் ஏறி நின்றாலும் அமிழாது. அந்தக் கணக்கு. அடியில் தரையே எட்டாத பனிப்பாலையில் அதுதான் வழி. நமக்கு வாய்ப்பது அது இல்லை. அடியில் ரோடு இருக்கிறது, மேலே ஒரு சாண், ஒன்றரைச் சாண் பனி. அங்கே ஒல்லி டயர் எருமைக் குளம்பு மாதிரி அழுத்தி இறங்கிக் கெட்டித் தரையைத் தொடும். முன்னால் தள்ள வேண்டிய பனியும் குறைவு. ஆகவே மட்கார்டு நிறைந்து தெரியும் ஆசையை விட்டுவிட்டு, கம்பெனி அளவான 245/70 ஆர் 16-க்கே திரும்பினேன். ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து. ஒன்று 13 ஆயிரம் சொச்சம். பாய் முகத்தில் சந்தோஷம். "ஒல்லியா இருந்தாலும் இதுதான் தம்பி உன் வண்டிக்கு லட்சணம்."

டயர் வந்த பிறகு காற்றைப் படித்தேன். இதை நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை, ஆனால் பயணம் முழுக்கக் கைகொடுத்தது இதுதான். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு அடுப்புக்கரி குழைத்துப் பூசி, கீழே ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்து, வண்டியை இறக்கினேன். 32 பிஎஸ்ஐ-யில் பதிந்த தடம் 18 சென்டிமீட்டர் நீளம், 19 அகலம். காற்றை 16-க்கு இறக்கிவிட்டு மறுபடி பதித்தால் நீளம் 25 ஆகியிருந்தது. அகலம் 20-ஐத் தாண்டவில்லை. காற்றை இறக்கினால் டயர் அகலமாகும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நீளமாகிறது, டாங்கிச் சங்கிலி மாதிரி.

அந்த ஞாயிறே ஈசிஆரில் நண்பரின் சவுக்குத் தோப்புக்கு ஓட்டிப் போனோம். கடற்கரைக்கு இல்லை. ஆமை முட்டையிடும் பருவம், அங்கே வண்டி இறக்குவது தப்பு. தோப்பு மணலில் 32-ல் பத்தடி போய்ப் புதைந்தது. 18-க்கு இறக்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஏறி வந்தது. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்: மணல் சோதனை காற்றைப் பற்றித்தான் சொல்லும், பட்டனைப் பற்றி எதுவும் சொல்லாது. மணலில் மொட்டை டயர்கூட நன்றாகவே போகும். 15-க்குக் கீழே இறக்கி ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் டிஸ்க்கை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தார் ரோடு வந்ததும் மறுபடி காற்று நிரப்பாமல் வேகமெடுத்தால் டயர் சூடேறிச் சாகும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

பிறகு சங்கிலி. டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி ஒரு ஜோடி, 7,500 ரூபாய். நடுங்கும் விரலோடு மலையில் முதல்முறையாகப் பிரிக்கக் கூடாது என்பதால் பார்க்கிங்கிலேயே நாலு தடவை மாட்டிப் பழகினோம். முதல் தடவை முக்கால் மணி நேரம். நாலாவது தடவை பன்னிரண்டு நிமிடம். வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "யானை எதுவும் வாங்கியிருக்கீங்களா சார்?" மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, பிரேக் ஹோஸில் எங்காவது இடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெரிய டயரை வைத்திருந்தால் இங்கே சங்கிலிக்கு இடமே இருந்திருக்காது. 245-க்குத் திரும்பியதில் கிடைத்த உபரி லாபம்.

காலித் தொட்டி பிக்கப்பில் பின்னால் கனமே இல்லை, சக்கரம் சும்மா சுற்றும். அதற்காக ஹார்டுவேர் கடையில் எம்-சாண்ட் வாங்கி 25 கிலோ மூட்டையாக நாலு கட்டி, பின் அச்சுக்கு மேலே வைத்தேன். வழுக்கினால் சக்கரத்துக்கு அடியில் தூவவும் ஆகும் என்று யோசனை. ஜான்சி பக்கம் ஒரு மழை. தார்ப்பாய் ஓரம் விலகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதன் பலன் பின்னால் வருகிறது.

கிளம்பும் நாள் வெயிலில் நின்ற டயரில் 32 பிஎஸ்ஐ. மேலே போனால் என்ன ஆகும் என்று மச்சானுக்கும் எனக்கும் பந்தயம். குளிரில் காற்று சுருங்கும், அதனால் குறையும் என்றான் அவன். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, மீட்டர் கூட்டித்தான் காட்டும் என்றேன் நான். கணக்குப் போட்டால் இரண்டு பேரும் சரி. 35 டிகிரியிலிருந்து மைனஸ் 15-க்குப் போனால் உள்ளழுத்தம் ஏழரை பிஎஸ்ஐ இறங்கும். காஸாவின் உயரமான 3,700 மீட்டர் சுமாரில் வெளியழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தரை பிஎஸ்ஐ குறைவு. கூட்டிக் கழித்தால் 30 வர வேண்டும். காஸாவில் விடியற்காலை கேஜை வைத்தபோது முள் 30-க்கு ஒரு மயிரிழை கீழே. பந்தயப் பணம் யாருக்கும் இல்லை.

நாக்கோ வரைக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லைச் சாலை அமைப்பு ஆட்கள் ஜேசிபி வைத்து ரோட்டைத் திறந்துவிடுகிறார்கள். பிரச்சினை ஆழமான பனி இல்லை, வழித்த பிறகு மிஞ்சும் மெல்லிய படலம்தான். வெயில் படும் பக்கம் காய்ந்த தார். மலையின் நிழல் விழும் வளைவுக்குள் நுழைந்தால், சோப்புத் தண்ணீர் ஊற்றிய மொசைக் தரை. இந்த மாற்று ஆட்டத்தில் ஃபோர் வீலைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டியிருந்தது. காய்ந்த தாரில் அது பல்லைக் கடிக்கும். டயர் நன்றாகவே பிடித்தது. 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மெல்ல மிதித்தால் வண்டி பேச்சைக் கேட்டது.

காஸாவிலிருந்து கிப்பர் போகும் வழியில் முதல்நாள் இரவு புதுப் பனி விழுந்திருந்தது. கிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் காற்று அடித்துக் குவித்த மேடு ஒன்று, முழங்காலுக்குச் சற்றுக் கீழே. உற்சாகத்தில் இறக்கிவிட்டேன். நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. குனிந்து பார்த்தால் பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டு பனியில் உழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்தான். பனி அதைத் தாண்டிவிட்டால் வயிறு தரைதட்டிய படகுதான். எந்த டயராக இருந்தாலும் கால் எட்டாது.

மணலைத் தூவலாம் என்று மூட்டையை அவிழ்த்தேன். ஜான்சி மழைத் தண்ணீர் உள்ளே உறைந்து, நாலு மூட்டையும் நாலு அம்மிக்கல்லாக இருந்தன. மச்சான் ஜாக்கி ராடால் ஒன்றைத் தட்டிப் பார்த்தான், ராட் துள்ளியது. கனத்துக்கு ஆகிறது, தூவுவதற்கு இல்லை. ரவைப் பனியை மண்வெட்டியால் வயிற்றுக்கு அடியிலிருந்து வாரினோம். அந்த உயரத்தில் பத்து வாரலுக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நிற்க வேண்டும். காற்றை 18-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்தேன். சவுக்குத் தோப்பு வேலை செய்தது. வண்டி முனகிக்கொண்டே வெளியே வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பழைய பொலிரோ வந்தது. உள்ளூர் டாக்ஸி. டயர் என் டயரைவிட ஒல்லி, பட்டனும் பாதி தேய்ந்தது. பின்சக்கரங்களில் சங்கிலி. டிரைவர் இறங்கி மேட்டை நடந்து பார்த்தார், ஓரத்தில் பனி குறைவாக இருந்த பக்கமாக இரண்டு சக்கரத்தை ஏற்றி, நிறுத்தாமல் ஒரே சீராகப் போய்விட்டார். வழியில் எங்களைப் பார்த்துக் கை காட்டினார். நடந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நாங்களும் சங்கிலி மாட்டினோம். பார்க்கிங்கில் பன்னிரண்டு நிமிடம் ஆனது இங்கே இருபத்தைந்து. வண்டிப் புத்தகம் சொன்னபடி பின்சக்கரத்துக்கு. ஏறும்போது அற்புதம். கிப்பரில் டீ குடித்துவிட்டு இறங்கும்போதுதான் சிக்கல். ஒரு நிழல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், பின்சக்கரம் கவ்விப் பிடித்திருக்கிறது, முன்சக்கரம் மட்டும் நேராகப் பள்ளத்தைப் பார்த்து வழுக்குகிறது. பிரேக்கை விட்டு, முதல் கியரிலேயே இன்ஜின் இழுத்துப் பிடிக்க, மலைப்பக்கப் பனிச்சுவரில் முன் பம்பரைச் சாய்த்து நிறுத்தினேன். பம்பரில் ஒரு கீறல். மச்சான் ஐந்து நிமிடம் பேசவில்லை. நகர்த்தும் இழுவையைத்தான் சின்னம் சொல்கிறது, வளைவைச் சொல்லவில்லை என்று படித்தது அப்போது ஞாபகம் வந்தது. ஒரு ஜோடிதான் இருக்கிறது என்பதும். காஸா வரைக்கும் நடக்கிற வேகத்தில் இறங்கினோம்.

சங்கிலியைக் கழற்றி, கம்ப்ரஸரைப் போட்டால் அது குளிரில் இருமிக்கொண்டு ஒரு டயருக்கு ஒன்பது நிமிடம் எடுத்தது. ஒரு வால்வில் ஈரம் உறைந்து முள் உட்காராமல் காற்று சீறியது. உள்ளங்கையில் பொத்திச் சூடு காட்டிய பிறகுதான் அடங்கியது. வால்வ் மூடிகளைத் தொலைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைகளில் திருப்பித் தராத அந்தச் சின்ன மூடிக்கு அங்கே வேலை இருக்கிறது.

திரும்பி வந்து பள்ளத்தின் ஆழம் அளந்தேன். புதிதாக 11 மில்லிமீட்டர் இருந்தது, ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்புறம் முன்னால் 10, பின்னால் ஒன்பதரை. முன்பின் மாற்றிப் போட்டாயிற்று. மைலேஜ் பழைய ஹைவே டயரைவிட ஒரு கிலோமீட்டர் குறைகிறது. ஓஎம்ஆரில் சத்தம் கொஞ்சம் உண்டு, மாவு மில் இல்லை, மிக்ஸி. மத்திய கைலாஷில் மழையில் இரண்டு தடவை நன்றாகவே நின்றது.

மணல் மூட்டைகள் விதிஷா தாண்டியதும் தாமாக இளகிவிட்டன. ஒன்றை மாடித்தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். சங்கிலியைத்தான் கவனிக்காமல் பால்கனியில் விட்டுவிட்டேன். உப்புக்காற்றில் இரண்டே வாரத்தில் செம்மண் நிறம். வாட்ச்மேன் அண்ணன்தான் யோசனை சொன்னார்: பழைய இன்ஜின் ஆயில் ஊற்றி அரிசிச் சாக்கில் சுற்றி வை. வைத்திருக்கிறேன். முன்சக்கரத்துக்கு இன்னொரு ஜோடி வாங்க பாயிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, சங்கிலி வந்துடுச்சு. யானை எப்ப வருது?"

வாட்ச்மேன் சொன்னது ஜி.பி. ரோடு வரைக்கும் எப்படிப் போனது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மச்சான் மேல்தான் சந்தேகம்.